புளியங்காட்டில் பொட்டலப் புளி!

திண்டிவனம் என்ற பெயருக்குப் புளியங்காடு என்று பொருள் கூறுவர். ஊரின் பெயரிலேயே புளி இருக்கிறது. நெடுஞ்சாலை அகலமானபோது வெட்டுண்டவை போக, மிச்சமிருக்கும் மரங்களிலே இன்றும் புளி தொங்குகிறது. மாசியிலே தொடங்கிச் சித்திரை வரையிலே உலுக்கிய புளி களத்திலே குவிகிறது. ஆனால், அந்தப் புளியங்காட்டிலே வாழும் உழைப்பாளியின் வீட்டிலே, ஐப்பசி மழையிலே, ரசம் வைக்கப் புளி இல்லை! பிள்ளை கடைக்கு ஓடுகிறது. நூறு கிராம் பொட்டலம் வருகிறது. அதுவும் கடனிலே வருகிறது!

இது வேடிக்கையா, வேதனையா?

பொட்டலம் பொட்டலமாக வாங்குகிறவன், ஆண்டு முடிவிலே கணக்குப் பார்த்தால், அறுவடைக் காலத்திலே மொத்தமாக வாங்கியவனைவிட அதிகப் பணம் கொடுத்திருப்பான். பணக்காரன் மலிவாக வாங்குகிறான். ஏழை விலை கூட்டி வாங்குகிறான்! காரணம், ஏழைக்குக் கணக்குத் தெரியாது என்பதல்ல. மொத்தமாகக் கொடுக்க அவன் கையிலே மொத்தமாகப் பணம் இருந்ததில்லை என்பதுதான். இல்லாமைக்கும் ஒரு வரி உண்டு. அந்த வரியை நாள்தோறும் மளிகைக் கடையிலே அவன் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அந்த வரியிலிருந்து ஒரு பகுதியையாவது மிச்சப்படுத்த வழி உண்டா? உண்டு என்கிறோம். அதற்கு உரிய பருவம் இதோ வாயிற்படியிலே நிற்கிறது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் இந்த நாட்களிலே விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் எதைத் தருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கொத்துக் கொத்தாக முருங்கைக்காய். வெள்ளரி, பூசணி, கொத்தவரை, வெண்டை. மரத்திலே மாங்காய். தெருவெல்லாம் தர்பூசணிக் குவியல். பனங்காட்டிலே நுங்கு. மார்கழி, தையிலே விதைத்த மல்லாட்டை இப்போது பறிக்கப்படுகிறது. மல்லாட்டை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தியாவின் பல மாநிலங்களிலே பயிரான ‘டி.எம்.வி.’ என்னும் நிலக்கடலை ரகங்களின் பெயரிலே உள்ள அந்த மூன்று எழுத்து, திண்டிவனத்தைக் குறிப்பதுதான். நம் ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் நாட்டுக்குத் தந்த கொடை அது. ஊர் பெயரை உலகறியச் செய்த பருப்பை, ஊரான் மறந்துவிட்டு, ஊதிப் பெருத்த காகிதப் பையிலே காற்றையும் நாலு வறுவலையும் பத்து ரூபாய் கொடுத்து வாங்கிப் பிள்ளைக்குத் தருகிறான்!

பருவத்திலே விளைந்ததைப் பருவத்திலே வாங்கு. பருவம் தப்பியதை எட்ட நின்று பார். சிக்கனத்தின் முதற்பாடம் இது. கோடையிலே மலைக்காய்களான பீன்சும் கேரட்டும் விலை ஏறுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். அந்த நேரத்திலே கொத்தவரையும் பூசணியும் மலிந்து கிடக்கின்றன. “விருந்தாளி வருகிறார், பூசணிக்காயையா வைப்பது?” என்று கேட்கிற கௌரவம் நமக்கு எதற்கு? கௌரவம் குழம்பிலே கரையாது; கடன்தான் கணக்கிலே ஏறும்.

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிற்று. தமிழக அரசு நியாயவிலைக் கடைகளிலே 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அதே தக்காளி, வரத்துப் பெருகிய வேறு நாட்களிலே, பறித்த கூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படுவதையும் கண்டிருக்கிறோம். மலிந்தபோது அழுபவன் உழவன். அரிதானபோது அழுபவன் தொழிலாளி. இருவர் கண்ணீருக்கும் இடையிலே பதுக்கி வைத்துச் சிரிப்பவன் ஒருவன் இருக்கிறான். புளியும் மாங்காயும் நம் அடுப்பங்கரையிலே இருந்தால், தக்காளி இல்லாமலே குழம்பு கொதிக்கும். அவன் சிரிப்பும் கொஞ்சம் குறையும்.

இன்னொரு பாடம், 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்கு அடுத்த மயிலத்திலே ஒரே நாளிலே ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. வயல் மூழ்கிற்று, தோட்டம் அழுகிற்று, சாலை அறுந்தது. அத்தகைய வாரத்திலே காய்கறிக் கடைக்கு யார் போவது? போனாலும் என்ன விலைக்கு வாங்குவது? கொட்டுகிற மழைக்கு முந்திய வெயிலை வீணாக்காத வீட்டிலே, பரணிலே கொத்தவரை வற்றல் இருக்கும்; ஜாடியிலே புளி இருக்கும்; தகர டப்பாவிலே மல்லாட்டை இருக்கும். வெள்ளம் வடியும்வரை அந்த அடுப்பு அணையாது. வெயில் காலத்து வற்றல் மழைக்காலத்துக் கேடயம். நம் பாட்டிமார்கள் மாங்காயைக் கீறி உப்பிட்டு உலர்த்தியதும், கொத்தவரையை உப்புநீரிலே அவித்துக் காயவைத்ததும், புளியைக் கொட்டை நீக்கி உப்பும் வெயிலும் காட்டி மூட்டிவைத்ததும் பொழுதுபோக்குக்காக அல்ல. காசு செலவில்லாமல் சூரியனைக் கூலிக்கு அமர்த்திய அறிவு அது!

வாங்குவதைச் சொன்னோம், வளர்ப்பதைச் சொல்லுவோம்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இலே வெளியிட்ட வழிகாட்டியிலே, ஒருவர் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி உண்ண வேண்டும், அதிலே 100 கிராம் கீரை என்று கூறுகிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்று அறுநூறு. சராசரி விலை கிலோ 50 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு 80 ரூபாய். மாதத்துக்கு 2,400 ரூபாய்! இந்தத் தொகையை எந்தக் கூலிக்காரர் கொடுக்கிறார்? கொடுக்க முடியாததால், காயைக் குறைத்துச் சோற்றைக் கூட்டுகிறார். வயிறு நிறைகிறது, உடம்பிலே வலுவில்லை. தாய்க்கு இரத்தசோகை; பிள்ளைக்குச் சோர்வு. கீரைக்குக் கொடுக்காத காசு, மருந்துக்கடையிலே போய்ச் சேருகிறது.

பத்தடி நீளம், நாலடி அகலத்திலே ஒரு பாத்தி. கட்டிலிரண்டு போடும் இடம், அவ்வளவுதான். முளைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவினால், இருபத்தைந்தாம் நாளுக்குள் பிடுங்கலாம். நன்றாகப் பேணினால் மூன்று, நான்கு கிலோ கிடைக்கும். அந்த வீட்டுக்கு மாதம் வேண்டிய கீரை 12 கிலோ. பாத்தி தருவது அதிலே கால் பங்கோ, மூன்றில் ஒரு பங்கோதான். மிகைப்படுத்திச் சொல்லி உங்களை மயக்க மாட்டோம். ஆனால், கொல்லையிலே ஒரு முருங்கை நின்றால், மீதிப் பங்கிலே பெரும்பகுதியை இலையாகவே அது தரும். காய் தனிக் கணக்கு. வெண்டை விதைத்த நாற்பத்தைந்து நாளிலே முதல் காய். கொத்தவரை வறட்சிக்கு அஞ்சாதது. கத்தரி நாற்றைக் கத்தரி வெயிலுக்கு முன்னே நட்டுவிட்டால், வேர் பிடித்து நிற்கும்.

“தண்ணீருக்கு எங்கே போவது?” என்று கேட்பீர். நியாயமான கேள்வி. குடத்துக்கு வரிசை நிற்கும் ஊரிலே தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றச் சொல்ல மாட்டோம். அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், பாத்திரத்தை முதலிலே அலசிய நீர் போதும். சோப்பு நீர் கீரைக்கு வேண்டாம். வெயில் சாய்ந்தபின் ஊற்றி, செடியைச் சுற்றிச் சருகைப் பரப்பினால், ஈரம் மறுநாளும் நிற்கும். “இடமே இல்லை, வாடகைக் குடித்தனம்” என்பீர். உடைந்த வாளி, பழைய சாக்கு, எண்ணெய் டின், எல்லாம் தொட்டிதான். அடியிலே ஓட்டை மட்டும் போடுங்கள். மாடித் தோட்டப் பொருள்களை மானிய விலையிலே தரும் திட்டங்களைத் தோட்டக்கலைத் துறை நடத்தியிருக்கிறது. வட்டார அலுவலகத்திலே போய் இப்போது என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல, உரிமை.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு தோழர் சினந்து கேட்கக்கூடும்: “விலைவாசியை அடக்க வேண்டியது அரசு; கூலியை உயர்த்த வேண்டியது முதலாளி. இரண்டையும் விட்டுவிட்டு எங்களைக் கீரை போடச் சொல்லுகிறீரா?”

கேட்க வேண்டிய கேள்விதான்! “கீரை போட்டுக்கொள், கூலி கேட்காதே” என்று சொல்பவனுக்கு நாம் வக்கீல் அல்ல. பாத்தி வேறு, போராட்டம் வேறு. ஆனால், நாளைக்கு அடுப்பெரியாது என்ற அச்சத்திலே இருப்பவனை முதலாளி எளிதிலே வளைத்துவிடுவான். வேலைநிறுத்தத்தின் பத்தாம் நாளிலே வீட்டிலே புளியும் பருப்பும் கீரையும் உள்ளவனே பதினோராம் நாளும் நிமிர்ந்து நிற்பான்.

உலகமும் இதைக் கண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரிலே பிரிட்டனின் பூங்காக்கள் உழப்பட்டன. மன்னர்களின் கோட்டையான லண்டன் கோபுரத்தின் அகழியிலேகூடக் காய்கறி பயிரிட்டார்கள். கோட்டை அகழியே பாத்தியானபோது, நம் கொல்லை குப்பைமேடாகக் கிடப்பதா?

அரசு செய்ய வேண்டியதைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று நம்மிடமே உண்டு. 1999 நவம்பர் 14-இலே மதுரையிலே முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகன் இல்லாமல் உழவன் தன் காயைத் தானே விற்க வந்தான். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அந்தச் சந்தை உண்டு. விலைப்பலகையைப் படித்துவிட்டுக் காலையிலேயே வாங்குங்கள். ஒரு கல்லிலே இரண்டு மாங்காய்: உங்களுக்கும் மிச்சம், உழவனுக்கும் நியாயம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைப்போம். இந்த வேலையையெல்லாம் வீட்டுப் பெண்ணின் தலையிலே கட்டிவிட்டு, மேடையிலே ஏறிச் சிக்கனம் பேசுகிற ஆண் சிங்கங்களுக்காக நாம் எழுதவில்லை. மண்ணைக் கொத்துவதும், நீர் ஊற்றுவதும், வற்றலை மொட்டைமாடிக்குத் தூக்குவதும் ஆணுக்கும் உரிய வேலை. பெண்ணுரிமை பேசும் இயக்கத்தவன், முதலிலே தன் வீட்டுக் கொல்லையிலே மண்வெட்டியைத் தொடட்டும்!

இன்னும் சில நாளிலே அட்சய திருதியை வரும். அன்று ஒரு கிராம் தங்கம் வாங்கினால் ஆண்டெல்லாம் பெருகும் என்று விளம்பரங்கள் அலறும். வட்டிக்குக் கடன் வாங்கி நகைக்கடை வாசலிலே வரிசை நிற்பார்கள். பெருகியது வட்டிதான் என்பதைத் தையிலே உணர்வார்கள். ஒரு கை கீரை விதை வாங்குங்கள். இருபத்தைந்தே நாளிலே பெருகுவதைக் கண்ணாலே காணலாம்.

கிளைத் தோழர்களே! உங்களுக்கு ஒரு வேலை தருகிறோம். தனியொருவன் கையிலே மொத்தமாகப் பணம் இல்லை என்றோமல்லவா? பத்து வீடு சேர்ந்தால் இருக்கும். வாரத்துக்கு இவ்வளவு என்று சேர்த்து, களத்திலேயே போய்ப் புளி வாங்கி, எடைபோட்டுப் பங்கிடுங்கள். கணக்கைப் படிப்பகத்துச் சுவரிலே எழுதி ஒட்டுங்கள். படிப்பகத்தின் பின்புறம் வெற்றிடமாகக் கிடந்தால் அதிலே பாத்தி கட்டி, விளைந்த விதையை வீடுவீடாகக் கொடுங்கள். கொடி கட்டிய கம்பத்தடியிலே கொத்தவரையும் காய்க்கட்டும்!

அடுத்த ஐப்பசியிலே மழை பெய்யும். அப்போது புளியங்காட்டுப் பிள்ளை புளிப் பொட்டலத்துக்குக் கடன் சொல்லி ஓடுமா, அல்லது வீட்டு ஜாடியைத் திறக்குமா என்பதை, இந்தச் சித்திரையிலே நாம் செய்யும் வேலை தீர்மானிக்கும்.