தெவிட்டலை அறியாத் திறவோர்!

மின்னணுவியலைத் தமிழில் கற்பித்தல் இயலாதென்று ஓயாது உரைத்துத் திரிவோர் முதற்கண் நீட்டுவது கலைச்சொல் பஞ்சத்தையே. 'சாச்சுரேசன்' என்பதற்குத் தமிழில் சொல் ஏது என்று நகைக்கின்றனர். சொல் இல்லையாம்! நான்கு கரண்டித் தேன் உண்ட சிறுவன் 'தெவிட்டுகிறது' என்கின்றானே, அவன் எக்கல்லூரியிற் கற்றான்? பள்ளி வேதியியல் நூல்களில் 'பூரிதம்' ஒழிந்து, 'தெவிட்டிய கரைசல்' வந்தமர்ந்தும் நெடுங்காலமாயிற்று.

கணினிக்கும் கைப்பேசி மின்னேற்றிக்கும் உயிரான நிலைமாற்று மின்வழங்கியைக் காண்க. அதிலுள்ள திரிதடையம் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை விட்டும் தடுத்தும் இயங்குகின்றது. விடுங்கால் மின்தூண்டி ஆற்றலைக் காந்தப் புலமாகச் சேர்க்கும். தடுக்குங்கால் அதனை வழங்கும். மின்னோட்டம் ஏற ஏற உள்ளகத்தின் காந்தப் பாயமும் ஏறும். ஆனால், ஓர் எல்லைவரையே. அதன்பின் உள்ளகத்திற்குத் தெவிட்டிவிடும். அதன் உட்புகுதிறன் காற்றின் அளவை நோக்கி வீழும், மின்தூண்டல் எண் சரியும், தடுப்பாரற்ற மின்னோட்டம் ஊசிமுனைபோல் எழும், திரிதடையம் கருகும்.

'நிரம்பல்' என்பாரும் உளர். பொருந்தாது. நிரம்பிய குடம் ஒரு துளியும் ஏலாது. தெவிட்டிய உள்ளகமோ பின்னும் சிறிதளவு ஏற்கவே செய்யும். வேட்கை குறைதலன்றோ தெவிட்டல்! இரும்புத்தூள் உள்ளகத்திற்கு மெல்லத் தெவிட்டும். பெரைட்டு உள்ளகத்திற்குச் சட்டெனத் தெவிட்டும். வெப்பம் மிகின் இன்னும் விரைந்து தெவிட்டும். மின்வழங்கிக்கான பெரைட்டு வகைகள் பல, 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 0.5 டெசுலா தாங்குவன, 100 பாகையில் 0.4 டெசுலாவையே எட்டத் திணறும்.

அயற்சொல்லை உருப்போட்ட மாணவனோ மின்தூண்டல் எண் என்றும் மாறாததெனக் கொண்டு கணக்கிடுகின்றான். குளிர்ந்த மேசைமேல் நன்கியங்கிய கருவி, மூடிய பெட்டிக்குள் சூடேறியதும் ஏன் எரிந்ததென அவனுக்கு விளங்குவதில்லை. உள்ளகத்தில் மயிரிழையளவு காற்றிடைவெளி விட்டால், மின்தூண்டல் எண் குறையினும் தெவிட்டும் மின்னோட்ட அளவு உயரும் என்பதையும் வாய்பாடாகவே ஒப்புவிக்கின்றான்.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. மின்னணுவியல் அத்தொடக்கத்தில் இல்லை. சொல் இல்லாமையாலா? தேனுண்ட சிறுவனுக்குத் தெரிந்த சொல், பாடத்திட்டம் வகுத்த பெரியோர்க்குத் தெரியாமற் போயிற்றா? விடை கூறட்டும்!