ஓய்வு நேரம்: ஒரு பெயர், பல உருவம்

முத்திரை சேர்ப்பார் உளர். தீப்பெட்டிச் சித்திரம் சேர்ப்பார் உளர். பழைய நாணயங்களைத் தேடித் திரிவாரும் உளர். இவையெல்லாம் நம் பாட்டனார் காலந்தொட்டு நிலவி வரும் பொழுதுபோக்குகள். இவற்றோடு வைத்தெண்ணத்தக்க மற்றொன்றை இவ்வாரம் நேயர்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம். ஒரு பெயரைத் தெரிந்தெடுத்து, அப்பெயரைத் தாங்கிய பொருள்கள் அனைத்தையும் தேடிச் சென்று படம் பிடித்தலே அது. வாகனமாயினும் விலங்காயினும் மலராயினும் பெயர் ஒன்றாயிருத்தல் வேண்டும்; அவ்வளவுதான் நிபந்தனை.

கமரா என்பது வசதி படைத்தோர் வீட்டு அலுமாரியிற் பூட்டி வைக்கப்பட்ட பொருளாயிருந்த காலம் ஒன்றிருந்தது. ஒரு சுருளில் எட்டுப் படம், அன்றேற் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தே எடுத்தார்கள். இன்றோ கைத்தொலைபேசி வைத்திருப்போர் யாவரும் புகைப்படக்காரரே. ஒரு திருமண வீட்டிலேயே ஆயிரம் படம் சேர்ந்து விடுகின்றது. அவற்றுள் ஒன்றையேனும் மறுமுறை எடுத்துப் பார்ப்பவர் இலர். படத்திற்குக் குறைவில்லை, ஒழுங்குக்கே குறைவு. அவ்வொழுங்கை ஒரு பெயர் எளிதில் அளித்துவிடும்.

இங்கிலாந்தில் இதற்கு வாய்ப்பான பெயர் ஒன்றுண்டு. 'மல்லார்ட்' என்பது அந்நாட்டுக் குளங்களில் நீந்தும் ஒருவகைக் காட்டுத் தாரா. ஆணின் தலை பச்சைப் பட்டுப்போல மின்னும். கழுத்தில் வெள்ளி வளையம் இட்டாற்போல ஒரு வெண்கோடு இருக்கும். இதே பெயரை ஒரு நீராவிப் புகையிரத இயந்திரமும் தாங்கியிருக்கின்றது. சேர் நைஜல் கிறெஸ்லி என்னும் பொறியியலாளர் வகுத்த அவ்வியந்திரம் 1938ஆம் ஆண்டு யூலை மாதம் 3ஆந் திகதி மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடிற்று. நீராவி இயந்திரங்களுள் அதனை வென்றதாக நிலைநாட்டப்பட்டது இன்றுவரை வேறில்லை. அவ்வகுப்பைச் சேர்ந்த இயந்திரங்கள் பலவற்றுக்குப் பறவைகளின் பெயர்களே சூட்டப்பட்டன.

இன்று அவ்வியந்திரம் யோர்க் நகரிலுள்ள தேசிய புகையிரத நூதனசாலையில் ஓய்வு கொண்டிருக்கின்றது. நூதனசாலையில் ஒரு படமும், வெளியே நீர்க்கரையில் ஒரு படமும் எடுத்தால் இரண்டு மல்லார்டுகள் ஒரே நாளில் ஏட்டில் ஏறிவிடும். 2016ஆம் ஆண்டில் இலண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்தில் கிறெஸ்லிக்குச் சிலை எடுத்தபோது, அவர் காலடியில் ஒரு தாராவும் நிற்றல் வேண்டுமா என்று பெரியதொரு வாதம் எழுந்தது. முடிவில் தாரா இல்லாமலே சிலை திறக்கப்பட்டது. பெயருக்கும் உருவத்துக்குமுள்ள உறவை மக்கள் சிறிதென்று கருதுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டு வயல்களிலும் இத்தகைய பெயரொன்று மறைந்து கிடக்கின்றது. சைபீரியாவின் குளிருக்கு அஞ்சி ஆண்டுதோறும் நம் சதுப்பு நிலங்களுக்கு வந்து சேரும் உள்ளானை ஆங்கிலத்தில் 'ஸ்னைப்' என்பர். சேற்றின் நிறமும் வைக்கோலின் நிறமும் கலந்த அப்பறவை, நாம் மிதிக்கும் தூரத்துக்கு வந்தபின்னரே எழுந்து வளைந்து வளைந்து பறக்கும். அதனைச் சுட்டு வீழ்த்துதல் அரிதாகையால், மறைந்திருந்து குறி தவறாது சுடுபவனுக்கு 'ஸ்னைப்பர்' என்னும் பெயர் உண்டாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினரிடையே உள்ளான் வேட்டை பெயர் பெற்றிருந்தது. பின்னர் 1938இல் ஹம்பர் நிறுவனத்தார் தம் பெரிய கார் ஒன்றுக்குச் 'சுப்பர் ஸ்னைப்' என்று பெயரிட்டனர். 1967 வரை அப்பெயர் நிலைத்திருந்தது. பறவையோ கைக்குள் அடங்குவது. காரோ ஒரு குடும்பம் முழுவதையும் ஏற்றிச் செல்வது. இவ்விரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் ஒட்டி வைத்துப் பார்த்தால், பெயரிட்டவரின் துணிவை எண்ணி நகை தோன்றாமலிராது.

சிறுத்தையை எடுத்துக்கொண்டால் ஏடு இன்னும் விரியும். புலியும் சிங்கமும் இல்லாத நம் காட்டில் முடிசூடிய வேட்டை விலங்கு அதுவே. 1938இல் தேசிய வனங்களாக்கப்பட்ட வில்பத்துவும் யாலையும் அதன் அரண்மனைகள். ஆங்கிலத்தில் அதன் பெயரையே பெற்ற சிறு வண்ணத்துப்பூச்சி ஒன்று நம் வீட்டுத் தோட்டங்களிற் பறக்கின்றது. செம்மஞ்சள் இறகில் கரும்புள்ளி இட்ட அப்பூச்சி, லொவி மரத்தின் இனத்தைச் சேர்ந்த செடிகளில் முட்டையிடும். வண்டிகளுக்கு மிருகப் பெயர் சூட்டுவதில் விருப்பங் கொண்டிருந்த லெயிலண்ட் நிறுவனத்தார், சிங்கம், புலி ஆகிய பெயர்களை முன்னரே வழங்கிவிட்டு, 1959இல் 'லெப்பேட்' என்னும் பஸ்ஸை வெளியிட்டனர். யேர்மனியரின் போர்த்தாங்கி ஒன்றுக்கும் அதே பெயர்தான். காட்டிலும் தோட்டத்திலும் தெருவிலும் போர்க்களத்திலும் ஒரே பெயர் நடமாடுகின்றது.

இவையெல்லாம் ஆங்கிலப் பெயர்களாயிற்றே என்று நேயர்கள் மனங் குறைய வேண்டா. தமிழில் 'மயில்' என்னும் ஒரு சொல் போதும். பறவையாகிய மயில் முதலாவது. திருவிழாவில் முருகப்பெருமான் எழுந்தருளும் மயில் வாகனம் இரண்டாவது. வாகனம் என்னும் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான இலக்கு எது? வேலியோரம் செம்மஞ்சளாய்ப் பூக்கும் மயிற்கொன்றை மூன்றாவது. முதுகுச் செட்டையைப் பாய்போல விரிக்கும் மயில் மீன் நான்காவது. தோட்டக்காரர் பயிர் நோய்க்கு மருந்தாகக் கரைக்கும் மயில்துத்தம் ஐந்தாவது. பெயர் மனிதரையும் விடுவதில்லை. காரைதீவில் 1892இல் பிறந்து 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகளின் இளமைப் பெயர் மயில்வாகனம் என்பதாகும். மட்டக்களப்புக் கல்லடியிலுள்ள அவர் சமாதியின் படமும் இந்த ஏட்டிற்கு உரியதே.

இவற்றைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடும்போதுதான் பொழுதுபோக்கு கல்வியாக மாறுகின்றது. மயிற் கழுத்தின் நீலமும் மயில்துத்தத்தின் நீலமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆயினும் மயிலிறகில் நீலச் சாயம் என்பதே இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதாலேயே அந்நிறம் பிறக்கின்றது. நிற்கும் இடத்தை மாற்றினால் நிறமும் மாறும். துத்தத்தின் நீலமோ செம்பும் நீரும் சேர்ந்த சேர்க்கையால் வந்தது. சூடாக்கி நீரை அகற்றிவிட்டால் வெளுத்துப்போகும். ஒரே பெயரைத் தேடிச் சென்றவன் இரு வேறு நீலங்களைக் கண்டுகொள்ளுகின்றான். (துத்தம் நஞ்சாகும், படமெடுத்தபின் குழந்தைகளுக்கு எட்டாதவிடத்தில் வைத்தல் வேண்டும்.)

இனி, இப்பொழுதுபோக்கில் ஈடுபட விரும்புவோர் மனத்திற் கொள்ளவேண்டிய சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, பிறர் எடுத்த படத்தை ஏட்டிற் சேர்த்தலாகாது. தாமே கண்டு, தாமே எடுத்தல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு படத்தின் கீழும் நாள், இடம், நேரம் ஆகிய மூன்றையும் எழுதிவிடுதல் வேண்டும். விலங்காயின் அஃது எவ்வினத்தது என்பதையும் எழுதுக. மூன்றாவது, காலை வெயிலைக் கைவிடாதீர்கள். அவ்வேளையில் வண்ணத்துப்பூச்சிகள் உடல் வெம்மை பெறும்பொருட்டு இறகை விரித்து அமர்ந்திருக்கும்; ஒளி சாய்ந்து விழுவதால் காரின் வளைவுகளும் நன்கு தெரியும். நான்காவது, எதனைப் படமெடுப்பினும் அதன் முகத்தின் மட்டத்திற்குத் தாழுங்கள். நின்றபடி எடுத்த பூனையும் நின்றபடி எடுத்த காரும் குறுகியே தோன்றும். ஐந்தாவது, காட்டில் வண்டியை விட்டு இறங்குதல், கூட்டை நெருங்குதல், ஒலியெழுப்பி விலங்கைத் திரும்பச் செய்தல் ஆகியவற்றை அறவே விலக்குக. ஒரு சிறுத்தையைச் சுற்றி இருபது ஜீப் வண்டிகள் முட்டி மோதுமாயின், இருபத்தோராவது வண்டி நமதாயிருத்தல் அழகன்று. கோயில் வாகனங்களையும் பிறர் கார்களையும் உரியவரிடம் கேட்டே படம் பிடித்தல் முறை.

எம் அயல்வீட்டுச் சிறுவன் ஒருவன் சிறுத்தையைத் தெரிந்தெடுத்தான். ஆறு மாதத்தில் ஏடு நிறைந்தது. சிறுத்தைப் புள்ளி இட்ட புத்தகப் பை, சிறுத்தை பொறித்த சட்டை, பிஸ்கற் உறை, கடைப் பலகை, தங்கையின் விளையாட்டுப் பொம்மை, தோட்டத்து வண்ணத்துப்பூச்சி என்று எல்லாம் வந்து சேர்ந்தன. முதற் பக்கம் மாத்திரம் வெறுமையாகவே இருந்தது. தந்தையார் இருமுறை வில்பத்துவுக்கு அழைத்துச் சென்றார், சிறுத்தை தென்படவில்லை. மூன்றாம் முறை, செம்மண் வழியில் அன்று காலை பதிந்த அடிச்சுவடு ஒன்றை வழிகாட்டி சுட்டிக் காட்டினார். சிறுவன் வண்டியில் இருந்தபடியே அதனைப் படமெடுத்து முதற் பக்கத்தில் ஒட்டினான். "இவ்வளவு சிறுத்தைகளும் இந்த ஒரு சிறுத்தையிடம் பெயரைக் கடன் வாங்கியவை, கடன் கொடுத்தவரைத்தான் காண முடியவில்லை," என்றார் அவன் தந்தையார். வேடிக்கையாகச் சொன்ன சொல்லாயினும் அதில் ஆழமான உண்மை ஒன்று இருக்கின்றது.

அறிஞர்களும் இதே முடிவுக்கு வந்துள்ளனர். பிராஞ்சு நாட்டைச் சேர்ந்த பிராங்க் கூர்ஷாம் என்பாரும் அவர் துணைவரும் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மக்கள் விரும்பும் பெரு விலங்குகள் விளம்பரத்திலும் பொம்மையிலும் படத்திலும் எத்தனைமுறை கண்ணிற் படுகின்றன என்று அவர்கள் கணக்கெடுத்தனர். அவ்வாறு பார்த்ததில், அந்நாட்டில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி நான்குக்கு மேற்பட்ட சிங்கங்களைக் காண்கின்றார் என்று தெரியவந்தது. 2010ஆம் ஓராண்டில் மாத்திரம் அங்கே எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஒட்டகச்சிவிங்கிப் பொம்மைகள் விற்கப்பட்டன. ஆபிரிக்கா முழுவதிலும் உயிருடன் உள்ளவற்றைப்போல் எட்டு மடங்குக்கும் அதிகம் என்பது அவர்களின் கணிப்பு. எங்கு நோக்கினும் உருவம் தென்படுவதால், உயிரும் குறைவின்றி இருக்கின்றது என்று மனம் மயங்கிவிடுகின்றது. அம்மயக்கமே விலங்குக்குப் பகையாகின்றது.

பெயரால் வந்த மயக்கம் ஓர் இனத்தின் அழிவையே மறைத்த வரலாறும் உண்டு. தென்னாபிரிக்காவில் 'குவாகா' என்றொரு விலங்கு வாழ்ந்தது. முன்னுடல் வரிக்குதிரைபோல வரியுடையது. பின்னுடல் வரியின்றிப் பழுப்பாயிருக்கும். வேட்டையால் அது நாளுக்கு நாள் அருகிற்று. ஆனால் அந்நாட்டு மக்கள் எல்லா வரிக்குதிரைகளையுமே குவாகா என்று அழைத்து வந்தனர். ஆகவே, உண்மைக் குவாகா ஒழிந்துபோனதை எவரும் உணரவில்லை. பெயர்தான் நாள்தோறும் காதில் விழுந்துகொண்டிருந்ததே! 1883ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 12ஆந் திகதி அம்ஸ்ரடாம் மிருகக்காட்சிச்சாலையில் ஒரு பெண் குவாகா இறந்தது. அவ்வினத்தின் கடைசி உயிர் அதுவே என்பதை அன்று அறிந்தாரில்லை. உயிருடன் படம் பிடிக்கப்பட்ட குவாகா உலகில் ஒன்றே ஒன்று. இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் இருந்த அதன் படங்கள் ஐந்து எஞ்சியுள்ளன. இன்று அப்பெயரைத் தாங்கி நிற்பது நன்னீரில் வாழும் ஒருவகை வரிச் சிப்பி. பெயர் பிழைத்தது, பெயருக்கு உரியது பிழைக்கவில்லை.

எந்நாளில், எவ்விடத்தில், எவ்வினம் என்று படத்தின் கீழ் எழுதி வைக்கும்படி முன்னர் கூறியதன் காரணம் இதனால் விளங்கும். இன்று வேடிக்கையாகச் சேர்க்கும் ஏடு, நாற்பது ஆண்டுக்குப்பின் ஒரு சாட்சிப் பத்திரமாகவும் ஆகலாம். இந்த வயலில் உள்ளான் வந்தது, இந்தத் தோட்டத்தில் இன்ன வண்ணத்துப்பூச்சி பறந்தது என்று நம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அது ஒன்றே எஞ்சியிருத்தல் கூடும். மாற்றம் எப்போதும் குறைவாகவே நிகழும் என்பதுமில்லை. உலர் வலயத்துக்கே உரியதாயிருந்த மயில் அண்மை ஆண்டுகளில் ஈரவலயத்துக்கும் பரவிவிட்டது. பயிரை அழிப்பதாக விவசாயிகள் முறையிடுகின்றனர். அதனையும் நாளிட்ட படங்களே எடுத்துரைக்கும்.

ஆதலால் நேயர்களே, குடும்பத்தோடு அமர்ந்து இன்றே ஒரு பெயரைத் தெரிந்தெடுங்கள். வண்டு, குதிரை, நண்டு, அன்னம் என எதுவாயினும் ஆகுக. பிள்ளைகள் தெருவிலே தேடட்டும். பெரியோர் அகராதியிலே தேடட்டும். ஏட்டின் முதற் பக்கத்தை அப்பெயரின் உரிமையாளருக்கென்று ஒதுக்கி, அதனை நிரப்பும் முயற்சியை முதலில் தொடங்குங்கள். காரும் பஸ்ஸும் நூதனசாலையிற் காத்திருக்கும். காட்டில் உள்ளது காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.