பாழ்மாளிகைக்குப் படி கட்டுவோர் யார்?

கதையில் பாழ்மாளிகை எழுப்புவோர் நம்மிடையே பலர். அதற்குப் படிக்கட்டு அமைப்போரைத்தான் காணோம். "அதலபாதாளத்தில் விழுந்தான்" என்றெழுதினால் வாசகன் நடுங்கிவிடுவான் என மாணவர்க்குக் கற்பித்தவர் யார்? ஆசிரியர்களாகிய நாமேதாம். அந்தச் சொல்லுக்கு மதிப்பெண்ணும் இட்டோம், நானும் இட்டவன்தான்.

ஸ்டீவன்சன் 1886இல் வெளியிட்ட 'கிட்னாப்ட்' புதினத்தைப் பாருங்கள். பெட்டியொன்றை எடுத்துவருமாறு, விளக்கும் கொடாமல், இளைஞனைக் கோபுரத்துக்கு அனுப்புகிறான் சிற்றப்பன். படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை. மின்னல் வெட்டுகிறது, படிகள் ஒரே நீளத்தன அல்ல, அவன் கால் பள்ளத்துக்கு இரண்டே அங்குலத் தொலைவில் நிற்கிறது! பின்னர்த் தவழ்ந்து, படிப்படியாகத் தடவி ஏறுகிறான். ஓரிடத்தில் கை வெறுமையைத் துழாவுகிறது. அதற்கு மேல் படியே கட்டப்படவில்லை. சிற்றப்பன் அறிந்தே அனுப்பினான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. 'அதலபாதாளம்' இங்கே எதற்கு?

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் பத்து காஜா அருகே 1915இல் தொடங்கிய மாளிகை, அவர் 1926இல் இறந்தபின் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. மின்தூக்கிக்கென விட்ட செங்குத்து வெளி இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. அங்கே உலவும் பேய்களைப் பற்றிக் கதைகளுக்குக் குறைவில்லை. அச்சுவரை எழுப்பிய தென்னிந்தியத் தொழிலாளி எத்தனை கதைகளில் வருகிறான்? அவ்வெளியின் அகலம் அவனுக்கன்றோ தெரியும்?

அடுத்த கட்டுரைப் பயிற்சியில் அடைமொழி கேளாதீர். எத்தனை படிகள், உடைந்தது எது, உடைந்ததை முன்பே அறிந்தவர் யார் எனக் கேளுங்கள்.