ஏறப்போறது யாரு சாமி?

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் புது வீடு கட்டுற நம்மாளுங்க, டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்குவாங்க. இழுத்து நீட்டுற ஏணின்னா மட்டும் "அலுமினியம் போதும், கனமில்ல, விலையும் கம்மி"ன்னு முடிச்சுடுவாங்க. அட சாமி! அலுமினியம் மின்சாரத்தை அருமையா கடத்தும். மாடியை ஒட்டி மின்கம்பி போற தெருவுல, நிமிர்த்தும்போது கொஞ்சம் சாய்ஞ்சா ஆள் காலி. ஃபைபர்கிளாஸ் கனம்தான், விலையும் கூடத்தான். ஆனா சுத்தமா, ஈரமில்லாம இருந்தா கடத்தாது. (அதுக்காக கம்பியை உரசலாம்னு அர்த்தமில்ல!)

அடுத்தது, "20 அடி ஏணி எதுக்கு, மாடியே 13 அடிதானே?"ங்கிற கேள்வி. கணக்கு பாருங்க. ரெண்டு பாகமும் 3 அடி ஒண்ணு மேல ஒண்ணு படியணும். மாடி விளிம்பைத் தாண்டி 3 அடி நீட்டிக்கணும். 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் அடிப்பக்கம் சுவரை விட்டுத் தள்ளி இருக்கணும். எல்லாம் போக 13 அடிக்குத்தான் 20 அடி ஏணி.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை டேங்க் கழுவத்தானே"ன்னு சப்பைக்கட்டு வேற. அந்த ரெண்டு தடவையும் ஏறப்போறது நீங்களா? தினக்கூலிக்கு வர்ற ஆளு! மிச்சமாகுற காசு உங்களுக்கு, போற உயிர் அவருக்கா? மிச்சம் பிடிக்கணும்னா கிரானைட்டுல பிடிங்க.