வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்களும் முறையிட்டவர்களும்

இஸ்ரவேல் ஜனங்களின் வனாந்தரப் பயணத்தைப் பற்றி ஒரு பிரசங்கமாவது கேட்காத கிறிஸ்தவர் இருக்க முடியாது. ஞாயிறு பள்ளியில் தொடங்கி உபவாசக் கூட்டம் வரை திரும்பத் திரும்ப வரும் பாடம் அது. பெரும்பாலும் அதன் சாரம் இதுதான்: ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு வெறும் 11 நாள் பயணம், முறுமுறுத்ததால் அவர்களுக்கு 40 வருஷம் ஆயிற்று, ஆகவே விசுவாசிகளே, முறுமுறுக்காதீர்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு சபைகளில் எத்தனை பேருடைய வாய் அடைக்கப்படுகிறது! காணிக்கைக் கணக்கைக் கேட்டவர் முறுமுறுப்பவர். ஏழை விதவைக்கு உதவி போய்ச் சேரவில்லை என்று சொன்னவர் முறுமுறுப்பவர். கொஞ்சம் அழுத்திக் கேட்டால் அவர் கோராகின் கூட்டம். வேலை கிடைக்காமல் இருக்கும் வாலிபனிடமும், குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியிடமும்கூட, உங்கள் வாயின் வார்த்தையால்தான் வனாந்தரத்தில் சுற்றுகிறீர்கள் என்று கூசாமல் சொல்லிவிடுகிறார்கள். யாத்திராகமத்தையும் எண்ணாகமத்தையும் அவசரமில்லாமல் வாசித்தால், அங்கே இருக்கும் கதை இவ்வளவு எளிதானது அல்ல என்பது தெரியும்.

முதலில் அந்த 40 வருஷக் கணக்கு. எகிப்திலிருந்து கானானுக்குப் பெலிஸ்தரின் தேசம் வழியாகப் போவதே குறுக்கு வழி. அந்த வழியைத் தேவனே தவிர்த்தார். அடிமைகளாகவே வளர்ந்தவர்கள் யுத்தத்தைக் கண்டால் பயந்து எகிப்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்பதுதான் வேதம் சொல்லும் காரணம் (யாத்திராகமம் 13). ஆக முதல் சுற்றுவழி தண்டனை அல்ல, பரிவு. அடுத்து சீனாய் மலையடிவாரத்தில் ஏறக்குறைய ஒரு வருஷம் தங்கினார்கள். நியாயப்பிரமாணம் கொடுக்கப்பட்டதும், ஆசரிப்புக் கூடாரம் எழும்பியதும், ஜனங்கள் எண்ணப்பட்டதும் அங்கேதான். அதுவும் தண்டனை அல்ல. தண்டனையாக வந்தது காதேஸ்பர்னேயாவுக்குப் பிறகுதான். அங்கிருந்து சேரேத் ஆற்றைக் கடக்கும் வரை 38 வருஷம் என்று உபாகமம் தெளிவாகவே சொல்கிறது. தாமதம் என்றாலே பாவத்தின் சம்பளம் என்று சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை.

சரி, தாகத்துக்கு வருவோம். சிவந்த சமுத்திரத்தைக் கடந்து மூன்று நாள் நடந்தும் தண்ணீர் இல்லை. மாராவில் கிடைத்த தண்ணீரோ கசப்பு. ஜனங்கள் மோசேயின்மேல் முறுமுறுத்தார்கள். என்ன நடந்தது? தண்ணீர் மதுரமாயிற்று. அடுத்த நிறுத்தம் ஏலிம். 12 நீரூற்றுகளும் 70 பேரீச்சமரங்களும் அங்கே இருந்தன. எகிப்தை விட்டு ஒரு மாதம் கழித்து சீன் வனாந்தரத்தில் பசி, மன்னா இறங்கியது. ரெவிதீமில் மறுபடியும் தாகம்; கன்மலையிலிருந்து தண்ணீர் வந்தது. மாசா, மேரிபா என்று அந்த இடத்துக்குக் கெட்ட பெயர் நிலைத்தது உண்மைதான். ஆனால் தண்ணீர் கேட்டதற்காக அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை. கைக்குழந்தைகளோடும் ஆடுமாடுகளோடும் பாலைவனத்தில் நடப்பவர்கள் தண்ணீர் எங்கே என்று கேட்காமல் வேறு என்ன கேட்பார்கள்? அவர்கள் கேட்ட விதம் சரியில்லைதான். ஆனாலும் நடக்கப் பழகும் பிள்ளையைப் பொறுத்துக்கொள்வதுபோலத் தேவன் அவர்களைப் பொறுத்துக்கொண்டார்.

முறையிட வந்தவர்களைத் திட்டி அனுப்பிய ஒருவன் யாத்திராகமத்தில் இருக்கிறான். அவன் பார்வோன்! வைக்கோல் தராமல் அதே எண்ணிக்கை செங்கல் கேட்கிறார்களே என்று இஸ்ரவேலின் தலைவர்கள் போய் நின்றபோது, நீங்கள் சோம்பேறிகள், அதனால்தான் ஆராதிக்கப் போகவேண்டும் என்கிறீர்கள் என்று சொன்னவன் அவன்தான். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்பது எகிப்தின் சட்டம், வனாந்தரத்தின் சட்டம் அல்ல.

அப்படியானால் அந்தத் தலைமுறை எதனால் விழுந்தது? எகிப்தை நினைத்ததால். வெறுமனே நினைத்ததால்கூட அல்ல, பொய்யாக நினைத்ததால். எண்ணாகமம் 11-ல் அவர்கள் போடும் பட்டியலைப் பாருங்கள்: மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், பூண்டு. அந்த மீனைக் காசில்லாமல் சாப்பிட்டார்களாம்! முதுகில் விழுந்த அடி அந்த மீனின் விலையில் சேரவில்லை. நதியில் எறியப்பட்ட ஆண்பிள்ளைகள் சேரவில்லை. இவ்வளவுக்கும் எகிப்தை விட்டு வந்து ஏறக்குறைய ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தேனிட்ட பணியாரம்போல் ருசித்த மன்னா, கண்ணுக்கு முன் கிடக்கும் வெறும் மன்னா ஆகிவிட்டது. பின்னொரு நாள் அற்பமான ஆகாரம் என்ற பெயரும் வாங்கியது. மன்னா மாறவில்லை, மனதுதான் எகிப்துக்குத் திரும்பியிருந்தது.

இதன் உச்சத்தைத் தாத்தான், அபிராம் என்ற இரண்டு பேரிடம் பார்க்கலாம். பாலும் தேனும் ஓடுகிற தேசம் என்பது கானானுக்குத் தேவன் கொடுத்த அடைமொழி. அவர்கள் அதை எடுத்து எகிப்துக்குச் சூட்டிவிட்டார்கள் (எண்ணாகமம் 16). செங்கல் சூளையைப் பரதேசி நாடு என்று சொல்லக்கூட வாய் வரவில்லை, வாக்குத்தத்த தேசம் ஆக்கிவிட்டார்கள்! காதேசில் நடந்ததும் இதே வகைதான். 12 பேர் 40 நாள் வேவுபார்த்துத் திரும்பினார்கள். 10 பேர் துர்ச்செய்தி கொண்டுவந்தார்கள். ஜனங்கள் இரவெல்லாம் அழுதார்கள். அழுததோடு நின்றிருந்தால் வேறு. ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்கே திரும்பிப் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். நாளொன்றுக்கு ஒரு வருஷம் என்ற தீர்ப்பு வந்தது அதற்குப் பிறகுதான். இருபது வயதுக்கு மேல் எண்ணப்பட்டவர்களில் காலேபையும் யோசுவாவையும் தவிர யாரும் உள்ளே போகவில்லை.

இன்றைய விசுவாசிக்கு இதில் இருக்கும் பாடம் வெளியே தெரியும் முறுமுறுப்பைவிட ஆழமானது. குடியை விட்டவனுக்குக் குடித்த நாட்களின் நண்பர்கள் மட்டும் ஞாபகம் வருகிறார்கள், வீட்டில் விழுந்த சண்டை ஞாபகம் வருவதில்லை. லஞ்சம் வாங்குவதை விட்டவனுக்கு அப்போது கையில் புரண்ட பணம் ஞாபகம் வருகிறது, இரவில் வராத தூக்கம் ஞாபகம் வருவதில்லை. இவர்கள் வாய்திறந்து ஒரு வார்த்தைகூட முறுமுறுக்காமல் இருக்கலாம். சபையில் முதல் வரிசையில்கூட உட்கார்ந்திருக்கலாம்.

முறையிடுதல் வேறு. அதற்கு வனாந்தரத்திலேயே உதாரணங்கள் உண்டு. அவை பிரசங்கங்களில் அதிகம் கேட்கப்படுவதில்லை. இரண்டாம் வருஷத்துப் பஸ்காவின்போது, பிணத்தைத் தொட்டுத் தீட்டுப்பட்ட சிலர் மோசேயிடமும் ஆரோனிடமும் வந்து, நாங்கள் மட்டும் ஏன் விலக்கப்படவேண்டும் என்று கேட்டார்கள். மோசே கோபப்படவில்லை. பொறுங்கள், கர்த்தர் என்ன சொல்கிறார் என்று கேட்டு வருகிறேன் என்றார். அவர்களுக்காக அடுத்த மாதம் 14-ஆம் தேதி ஒரு பஸ்கா ஏற்படுத்தப்பட்டது. தூரப் பிரயாணம் போயிருப்பவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. மோசேயே முறையிட்டிருக்கிறார். இத்தனை ஜனத்தையும் நானா பெற்றேன், இப்படியே செய்வதானால் என்னைக் கொன்றுபோடும் என்று அவர் கதறியபோது, தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்களைக் கொடுத்தார்.

எல்லாவற்றையும்விட அழகானது செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளின் கதை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஐந்து பேருடைய பெயரையும் வேதம் விடாமல் எழுதி வைத்திருக்கிறது. தகப்பனுக்கு மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்கும் காணியாட்சி தாருங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். கேட்ட இடம் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசல். மோசே, எலெயாசார், பிரபுக்கள், சபை அனைத்துக்கும் முன்பாக. இன்னொன்றும் சொன்னார்கள்: எங்கள் தகப்பன் கோராகின் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்ல. உரிமை கேட்பவர்களைக் கோராகோடு சேர்த்துவிடும் வழக்கம் அந்தக் காலத்திலேயே இருந்தது போலும்! அவர்கள் சொல்வது சரி என்பதே கர்த்தரின் பதில். சட்டமே அதற்கேற்ப அமைந்தது.

முறுமுறுத்தவர்கள் எங்கே முறுமுறுத்தார்கள்? தங்கள் கூடாரங்களில் என்கிறது உபாகமம். 106-ஆம் சங்கீதமும் அதையே சொல்கிறது. கர்த்தர் நம்மை வெறுக்கிறார், அதனால்தான் இங்கே கொண்டுவந்தார் என்பது அவர்கள் உள்ளே பேசிக்கொண்டது. முறையிட்டவர்களோ தேவன் நியாயம் செய்வார் என்று நம்பி அவருடைய வாசலுக்கு வந்தார்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது அநியாயம்.

கோராகையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவன் லேவியன், ஊழியம் ஏற்கெனவே கையில் இருந்தது. ஆசாரியத்துவமும் வேண்டும் என்பதே அவன் பிரச்சினை என்று மோசே அவனிடமே சொன்னார். பூமி வாயைத் திறப்பதற்கு முன்பு மோசே சொன்ன இன்னொரு வார்த்தையைத்தான் தலைவர்கள் கவனிக்க வேண்டும்: அவர்களிடமிருந்து ஒரு கழுதையைக்கூட நான் எடுத்துக்கொண்டதில்லை. அதைச் சொல்ல முடிந்த மனிதருக்குத்தான் கோராகை எதிர்த்து நிற்க அருகதை இருந்தது. ஆசரிப்புக் கூடார வேலை முடிந்தபோது மோசேயின் கட்டளைப்படி இத்தாமாரின் மேற்பார்வையில் கணக்கு எழுதப்பட்டது. பொன் 29 தாலந்தும் 730 சேக்கலும். வெள்ளி 100 தாலந்தும் 1775 சேக்கலும். வெண்கலம் 70 தாலந்தும் 2400 சேக்கலும். அந்த 1775 சேக்கல் வெள்ளி எந்தெந்தக் கொக்கிக்கும் பூணுக்கும் போயிற்று என்பது உட்பட யாத்திராகமம் 38-ல் இருக்கிறது. யாரும் கேட்காமலே கொடுக்கப்பட்ட கணக்கு! இன்று கேட்டால்கூடக் கிடைப்பதில்லை.

பயணத்தின் கடைசிக் கட்டத்தில் காதேசில் மறுபடியும் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. ஜனங்கள் வாக்குவாதம் பண்ணினார்கள். கன்மலையோடு பேசச் சொல்லியிருக்க, மோசே ஜனங்களைக் கலகக்காரர் என்று கடிந்துகொண்டு கோலால் இரண்டு தரம் அடித்தார். தண்ணீர் ஏராளமாய் வந்தது, ஜனங்கள் குடித்தார்கள், மிருகங்களும் குடித்தன. கானானுக்குள் போகும் பாக்கியத்தை அன்றைக்கு இழந்தவர்கள் மோசேயும் ஆரோனும். தாகத்தோடு வந்தவர்களிடம் தேவனுடைய பெயரால் எரிந்து விழும் தலைவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை தனியாக உட்கார்ந்து வாசிப்பது நல்லது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது முறுமுறுக்காதிருங்கள் என்று எச்சரிக்கவில்லையா என்று கேட்கலாம். எச்சரித்தார்தான், அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அவர் இச்சை, விக்கிரக ஆராதனை, வேசித்தனம், பரீட்சை பார்த்தல் இவற்றோடு சேர்த்துத்தான் அதைச் சொல்கிறார். எகிப்தை நோக்கித் திரும்பிய மனதின் முழு ஜாதகம் அது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்திலோ, அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் விடுபட்டதற்காகக் கிரேக்கரானவர்கள் முறுமுறுத்தார்கள் என்று அதே சொல்லே வருகிறது. அப்போஸ்தலர் அவர்களுக்கு வனாந்தரத்துப் பாம்புகளை ஞாபகப்படுத்தவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொண்டு பந்தி விசாரணையைச் சரிசெய்தார்கள்.

செலொப்பியாத்தின் குமாரத்திகள் என்ன ஆனார்கள்? மோசே மரித்துவிட்டார். யோர்தானைக் கடந்தாயிற்று, மன்னாவும் கில்காலில் நின்றுபோயிற்று. தேசம் பங்கிடப்படும்போது ஐந்து பேரும் மறுபடியும் வந்து, இந்த முறை எலெயாசாருக்கும் யோசுவாவுக்கும் பிரபுக்களுக்கும் முன்பாக நின்று, கர்த்தர் கட்டளையிட்டதை ஞாபகப்படுத்தினார்கள். யோர்தானுக்கு இப்புறத்தில் மனாசேக்கு விழுந்த பத்துப் பங்குகளில் அவர்களுடைய பங்கும் இருந்தது.