இகுவானாவுக்கு ஒரு மர வீடு

திருநள்ளாறுக்கும் பாம்புக்கும் பழைய பந்தம். காட்டுத்தீயில் சிக்கிய கார்க்கோடகனைத் தூக்கிக் காப்பாற்றிய நளன், பத்தாவது அடியில் அந்தப் பாம்பிடமே கடிபட்டு உருமாறினான். அவனைப் பிடித்த சனி விலகியது இந்த ஊரில்தான் என்கிறது தலபுராணம். நள தீர்த்தத்தில் சனிக்கிழமைக் கூட்டம் முங்கி எழுவதும் அந்த நினைவில்தான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஊர்வன மேல் ஆசை வருவது காட்டில் அல்ல, செல்போன் வீடியோவில். கையடக்கமாக, இலைப் பச்சையில் ஒரு இகுவானா குட்டி. அதை வாங்கித் தரச் சொல்லி வீட்டில் ஒரு மாதம் போராட்டம். கடைசியில் அப்பா ஆசாரியைக் கூப்பிடுகிறார். "முயல் கூண்டு மாதிரி ஒண்ணு அடிச்சுடலாமா சார்?" என்று அவர் கேட்பார். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மரத்தை அறுக்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுவது நல்லது. உடும்பு, நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு உயிர்களை வீட்டில் வைக்கவே கூடாது. இரண்டும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, பிடிபட்டால் சிறைதான். பச்சை இகுவானா வெளிநாட்டு இனம். 2024-ல் வந்த விதிகளின்படி, அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். காரைக்கால் பகுதிக்குப் புதுச்சேரியின் தலைமை வன உயிரினக் காப்பாளர்தான் அதிகாரி. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், வேறு கைக்கு மாறினாலும் தெரிவிக்க வேண்டும். கடைக்காரர் காகிதம் எதுவும் தரவில்லை என்றால் கூண்டும் தேவையில்லை, அந்தக் கடையும் தேவையில்லை.

அடுத்தது அளவு. இன்று உள்ளங்கையில் உட்காரும் குட்டி, சில வருடங்களில் வாலோடு சேர்த்து ஐந்து, ஆறு அடி வளரும். நன்றாக வளர்த்தால் 15 வருடத்துக்கு மேல் இருக்கும். கூண்டு செய்துகொடுக்கச் சொன்ன பையன் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அது அம்மாவின் பொறுப்பில் வீட்டில் இருக்கும்! மரம் ஏறும் பிராணி என்பதால் நீளத்தோடு உயரமும் வேண்டும். ஆறடி நீளம், ஆறடி உயரம், மூன்றடி ஆழம். இதற்குக் குறைந்தால் வளர்ந்த இகுவானாவுக்கு அது ஜெயில்.

ஆசாரிக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். முதுகுக்கு ஆறுக்கு மூன்றில் இரண்டு பலகை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. மொத்தம் ஆறு. எட்டுக்கு நாலு பிளைவுட்டில் அப்படி ஒரு பலகைதான் முழுதாக வரும். ஆக ஆறு ஷீட். பரப்பளவை வைத்து "நாலு போதும்" என்று கடையில் சொல்பவர் வெட்டிப் பார்த்ததில்லை. மிஞ்சுகிற துண்டுகள் வீணாகாது; உள்ளே படுக்கும் தட்டுகளுக்கும், முன்கதவுச் சட்டத்துக்கும் சரியாக வரும்.

இனிதான் முக்கியமான விஷயம். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான வரைபடங்கள் குளிர் நாட்டுக்காரர்கள் போட்டவை. அங்கே மரப்பெட்டி செய்வதே உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் இருக்கத்தான். மூன்று பக்கம் மூடி, முன்னால் கண்ணாடி. அதை அப்படியே திருநள்ளாறில் செய்து, மே மாத மதியத்தில் உள்ளே பல்பும் போட்டால், கூண்டு அடுப்பாகிவிடும். இகுவானாவுக்கு வெயில் காயும் இடம் 35 டிகிரி, ஒதுங்கும் இடம் 27 டிகிரி அளவில் இருக்க வேண்டும். நம் ஊரில் அந்த 27-ஐக் கொண்டுவருவதுதான் பாடு.

வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978 முதல் இயங்குகிறது. வனத்துறை அனுமதியோடு விஷம் எடுக்கப் பிடித்த பாம்புகளைச் சில வாரம் அங்கே மண்பானையில்தான் வைத்திருப்பார்கள். வாயைத் துணியால் கட்டிவிட்டால் இருட்டு, குளிர்ச்சி, காற்று மூன்றும் கிடைக்கும். இந்த மண்ணுக்கு எது சரி என்று தெரிந்தவர்களின் வேலை அது.

அதனால் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போடலாம். பிளாஸ்டிக் பூச்சு உள்ள அரை இஞ்ச் வலை நல்லது. வெறும் கம்பி என்றால் மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். ஒரு பக்கச் சுவரில் அடியில் ஒரு காற்றுத் திறப்பு, எதிர்ப்பக்கத்தில் உச்சியில் இன்னொன்று. சூடான காற்று மேலே போக, கீழே இருந்து புதுக்காற்று வரும்.

ஜன்னல் ஓரம் வைத்தால் வெயில் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எலும்புக்குத் தேவையான யூவிபி கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். அதற்கென்று தனி விளக்கு போடத்தான் வேண்டும், அதற்கும் கம்பிக்கூடு கட்ட வேண்டும். சூடு பல்பை தெர்மோஸ்டாட்டோடு இணைப்பது கட்டாயம்.

மரத்தில் கஞ்சத்தனம் கூடாது. கார்த்திகை மழையில் சாதாரண பிளைவுட் ஓரம் உப்பும், எம்டிஎஃப் பூரியாகிவிடும். தண்ணீர் தாங்கும் 'மரைன்' வகைதான் சரி. வெட்டிய ஓரம் ஒவ்வொன்றிலும் இரண்டு கை வார்னிஷ் அடித்தால்தான் ஈரம் ஏறாது. கடற்காற்று ஊரில் இரும்பு ஸ்க்ரூ சீக்கிரம் துருப்பிடிக்கும்; எஸ்.எஸ். வாங்கவும். கரையானுக்குப் பயந்து ஆறு இஞ்ச் கால் வைக்கலாம். மருந்து அடித்த மரம் மட்டும் வேண்டாம். ஏறுவதற்குக் கொய்யாக் கிளை அருமை. அரளிக் கிளை விஷம், கிட்டேயே கொண்டுவரக் கூடாது.

இவ்வளவும் முடிந்து, கூண்டு வாசல்படியில் மாட்டிக்கொண்ட கதை நிறைய. மூன்றடி ஆழம் பல வீட்டு அறைக் கதவுக்குள் போகாது. போல்ட் போட்டுப் பலகைகளைத் தனித்தனியாகக் கொண்டுபோய் அறைக்குள் சேர்ப்பதே வழி. சமையலறைப் பக்கம் மட்டும் வேண்டாம். ஊர்வன உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையைத் தொடவே விடக் கூடாது.

வார்னிஷ் வாசனை முழுக்கப் போன பிறகு ஒரு வாரம் கூண்டைக் காலியாகவே ஓட்டிப் பார்க்கலாம். மேலே ஒன்று, கீழே ஒன்று எனத் தெர்மாமீட்டர் வைத்து, மதியம் இரண்டு மணிக்கும் விடிகாலை நாலு மணிக்கும் எழுதி வைக்கட்டும், இகுவானா கேட்ட பிள்ளையே.