விளக்கு ஏற்றியவர் ஒருவர்; எண்ணெய் ஊற்றுவது யார்?
காரைக்குடி சொல்லும் பாடம்

கோவிலில் ஒருவர் விளக்கு ஏற்றி வைக்கிறார். நல்ல காரியம்.

ஆனால், அந்த விளக்குக்கு நாளை எண்ணெய் ஊற்றுவது யார்? அடுத்த மாதம் யார்? அடுத்த ஆண்டு யார்?

இந்தக் கேள்வியை நன்றாக யோசித்துப் பார்த்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார்கள். அவர்கள் பர்மாவுக்கும், இலங்கைக்கும், மலாயாவுக்கும் போய் வியாபாரம் செய்தவர்கள். வந்த வருமானத்தில் ஒரு சிறு பங்கைத் தருமத்துக்கென்று எடுத்து வைத்துவிடுவார்கள். அதற்கு "மகமை" என்று பெயர்.

மகமைப் பணத்தில் கோவில் கட்டினார்கள். சத்திரம் கட்டினார்கள். பாடசாலை வைத்தார்கள். கட்டியதோடு நின்றுவிடவில்லை. பூசை நடக்க, விளக்கு எரிய, சோறு போட, அதற்கும் சேர்த்தே பணம் ஒதுக்கினார்கள்.

அந்த நகரத்தார்கள் வாழும் ஊர்களில் பெரியது காரைக்குடி. செம்மண் பூமி. ஆறு கிடையாது. பெரிய வயல்கள் கிடையாது. ஆனால், கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிலையமும் அங்கே இருக்கின்றன.

இவை எப்படி வந்தன? இனி எப்படி வாழும்?

ஒரே கூட்டத்தில் ஒரு லட்சம்

காரைக்குடியை அடுத்த ஊர் கோட்டையூர். அங்கே 1909-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி பிறந்தவர் அழகப்பச் செட்டியார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். இங்கிலாந்துக்குப் போய்ப் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து பஞ்சாலை முதலிய தொழில்களில் இறங்கிப் பெரும் பொருள் சேர்த்தார்.

1947-ம் ஆண்டு அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார் அங்கே பேசினார். "நாட்டுக்குக் கல்லூரிகள் வேண்டும். செல்வர்கள் முன்வர வேண்டும்" என்ற கருத்தை எடுத்துச் சொன்னார்.

அந்தக் கூட்டத்திலேயே அழகப்பர் எழுந்தார். காரைக்குடியில் கல்லூரி தொடங்க ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார்.

சொன்னதைச் செய்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி கல்லூரி தொடங்கியது. நாடு விடுதலை அடைவதற்கு நான்கு நாள் முன்பு! கட்டடம் எழும்பட்டும் என்று காத்திருக்கவில்லை. காரைக்குடி காந்தி மாளிகையில் பாடம் நடந்தது.

பிறகு பள்ளிகள், கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குழந்தைகள் பள்ளி முதல் 1952-ல் தொடங்கிய பொறியியல் கல்லூரி வரை, ஒரே ஊரில் படிக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது.

300 ஏக்கர் நிலம்

நாட்டின் பல இடங்களில் விஞ்ஞான ஆராய்ச்சி நிலையங்கள் அமைக்க அப்போது மத்திய அரசு முயன்றுவந்தது. "ஒன்றைக் காரைக்குடிக்குத் தாருங்கள்" என்றார் அழகப்பர். வெறும் கையோடு கேட்கவில்லை. 300 ஏக்கர் நிலமும், 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கேட்டார்.

1948-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி பிரதமர் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில், ஜனவரி 14-ந் தேதி, அப்போதைய துணை ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்து வைத்தார்.

அதுதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்.

மின்வேதியியல் என்றால் என்ன? மின்சாரமும் ரசாயனமும் சேர்ந்த விஞ்ஞானம். டார்ச் விளக்கில் போடும் பாட்டரி அதில் சேர்ந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பளபளப்பான முலாம் அதில் சேர்ந்தது. உப்புத் தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தி, சோப்புக்கு வேண்டிய காரத்தை எடுப்பதும் அதுதான்.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பதும் அதே விஞ்ஞானம். கடற்காற்று பட்டால் பாலமும் படகும் சீக்கிரம் அரித்துப்போகும். அதை ஆராய்வதற்காக ராமேசுவரம் பக்கம் மண்டபத்தில், கடற்கரையிலேயே இந்த நிலையம் ஒரு பிரிவை அமைத்தது.

இன்று செல்போனிலும், மின்சாரத்தில் ஓடும் ஸ்கூட்டரிலும் இருப்பது பாட்டரி. பாட்டரியை ஆராயும் நிலையத்துக்கு 1948-லேயே காரைக்குடியில் அடிக்கல் விழுந்துவிட்டது!

தமிழுக்கும் இடம்

கல்லூரி மட்டும் இருந்தால் ஊருக்கு அழகு வராது. பாட்டும் பேச்சும் புத்தகமும் வேண்டும். அந்த வேலையைக் காரைக்குடி இன்னும் முன்பே தொடங்கிவிட்டது.

1917-ல் அங்கே இந்து மதாபிமான சங்கம் ஏற்பட்டது. 1919-ல் மகாகவி பாரதியார் அந்தச் சங்கத்துக்கு வந்தார். கையில் கோலோடு பாரதியார் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார். அது அந்தப் பயணத்தின்போது காரைக்குடியில் எடுத்த படம்.

1939-ல் சா.கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பனிடம் கொண்ட பற்றால் "கம்பன் அடிப்பொடி" என்று பெயர் பெற்றவர் அவர். ஆண்டுதோறும் பங்குனியில் கம்பன் விழா. நிறைவு விழா, கம்பர் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டையில்.

காரைக்குடி கம்பன் விழா என்றால் ஒன்றைச் சொல்லுவார்கள். நேரம்! குறித்த நேரத்தில் கூட்டம் தொடங்கும். குறித்த நேரத்தில் பேச்சு முடியும். பேசுகிறவர் எவ்வளவு பெரியவர் ஆனாலும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டும்.

தமிழ்த்தாய்க்கு ஒரு கோவில் வேண்டும் என்பதும் சா.கணேசனின் ஆசை. 1975-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1993-ல்தான் திறந்தார்கள். சா.கணேசன் 1982-லேயே காலமாகிவிட்டார். தொடங்கியவர் மறைந்தாலும், ஊர் விடவில்லை. வேலை முடிந்தது.

அணையப் பார்த்த விளக்கு

எல்லா விளக்குக்கும் அப்படி எண்ணெய் கிடைத்ததா? இல்லை.

கணித மேதை ராமானுஜத்தின் பெயரால் 1950-ல் சென்னையில் ஒரு கணித ஆராய்ச்சிக் கூடம் வைத்தார் அழகப்பர். டி.விஜயராகவன் என்ற பெரிய கணித அறிஞர் அதன் தலைவராக இருந்தார். 1955-ல் அவர் காலமானார்.

1957-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி அழகப்பரும் காலமானார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.

கணிதக் கூடத்துக்குப் பணம் தர ஆள் இல்லை. மூடவேண்டிய நிலை. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த விஞ்ஞானி எஸ்.சந்திரசேகர், விஷயத்தைப் பிரதமர் நேருவின் கவனத்துக்குக் கொண்டுபோனார். கூடம் பிழைத்தது. சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது.

கொடுத்த மனிதர் போனதும் அறிவு நிலையம் ஆட்டம் கண்டது. இது முதல் பாடம்.

ஊரை விட்டுப் போன புத்தகங்கள்

இரண்டாவது பாடமும் கோட்டையூரில்தான் கிடைக்கிறது.

ரோஜா முத்தையா என்று ஒருவர். கோடீசுவரர் அல்ல. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். புத்தகம் மட்டுமா? பழைய பத்திரிகை, நாடக நோட்டீசு, கலியாணப் பத்திரிகை எதையும் விடவில்லை. மற்றவர்கள் குப்பை என்று எறிந்ததை அவர் சரித்திரம் என்று எடுத்து வைத்தார்.

புத்தகங்கள் மட்டும் ஏறத்தாழ 50,000 சேர்ந்தன. தமிழ் ஆராய்ச்சி செய்கிறவர்கள் கோட்டையூர் வீட்டைத் தேடி வந்தார்கள்.

1992-ல் அவர் காலமானார். அந்தப் புத்தகங்கள் என்ன ஆயின?

அவற்றை வாங்கிக் காப்பாற்றியது எது தெரியுமா? சிகாகோ பல்கலைக்கழகம்! கடல் கடந்து கொண்டுபோகாமல், சென்னையிலேயே 1994-ல் நூலகமாக அமைத்தார்கள். "ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்" என்ற பெயரில் அது இன்று சிறப்பாக நடக்கிறது. புத்தகங்கள் தமிழ்நாட்டில் தங்கின. அது பெரிய ஆறுதல். ஆனால், செட்டிநாட்டை விட்டுப் போய்விட்டன.

இரண்டு முறை விளக்கு அணையப் பார்த்தது. இரண்டு முறையும் உதவி சிகாகோவிலிருந்து வந்தது. மூன்றாவது முறையும் அங்கிருந்து வரும் என்று காத்திருக்கலாமா?

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்"

அழகப்பர் தொடங்கிய கலைக் கல்லூரியும், பொறியியல் கல்லூரியும் இன்று அரசுக் கல்லூரிகள். ஆராய்ச்சி நிலையம் மத்திய அரசின் ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்தது. 1985-ல் மாநில அரசு சட்டம் இயற்றி அழகப்பா பல்கலைக்கழகத்தை அமைத்தது.

"அப்படியானால் கவலை என்ன? அரசாங்கம் பார்த்துக்கொள்ளுமே" என்று சிலர் சொல்லலாம்.

ஓரளவு உண்மைதான். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். கட்டடம் கட்டுவதும் அரசாங்கம். ஏழை வீட்டுப் பிள்ளை குறைந்த கட்டணத்தில் படிப்பதற்குக் காரணமும் அதுதான். தனி மனிதர் கையில் இருந்ததைவிட, பொதுச் சொத்தாக இருப்பது உறுதியானது.

ஆனால், பொதுச் சொத்து என்றால் "யாருடைய சொத்தும் அல்ல" என்று அர்த்தம் இல்லை. "எல்லோருடைய சொத்தும்" என்றுதான் அர்த்தம்.

வாசக சாலையில் புதிய புத்தகம் வாங்க, படிப்பைப் பாதியில் விட இருக்கும் ஒரு மாணவிக்குத் தேர்வுப் பணம் கட்ட, உடைந்த கருவியை உடனே பழுது பார்க்க, அரசாங்க உத்தரவு வரும்வரை காத்திருக்க முடியாது. அது ஊரார் செய்யவேண்டிய வேலை. விளக்குக்கு எண்ணெய் என்பது அதுதான்.

கதவு விலைபோகிறது

அவசரம் வேறொன்றும் இருக்கிறது.

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் இன்று பல பூட்டிக் கிடக்கின்றன. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். பழுது பார்க்க ஒருவரால் முடியாது. இடித்து விற்பது சுலபம்.

தேக்குத் தூணும், நிலைக்கதவும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. அவற்றுக்காவது விலை உண்டு. வாங்குகிறவர் காப்பாற்றுவார்.

அந்த வீட்டுப் பரணில் கிடக்கும் காகிதங்களுக்கு விலை உண்டா? ரங்கூனிலிருந்து வந்த கடிதம், தாத்தாவின் கணக்குப் புத்தகம், பாட்டி படித்த ராமாயணம் - இவை எடைக்குப் போகின்றன. ஒருமுறை அரைத்துக் கூழாக்கிவிட்டால் சிகாகோவாலும் மீட்க முடியாது!

பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

எல்லோரும் செய்யலாம்

அழகப்பரைப் போல 300 ஏக்கர் கொடுக்க எல்லோராலும் முடியாது. தேவையும் இல்லை.

மகமை என்பது பணக்காரரின் வழக்கம் மட்டும் அல்ல. பங்கு சிறியதாக இருக்கலாம். தவறாமல் கொடுக்க வேண்டும். அதுதான் மகமையின் ரகசியம்.

காரைக்குடியில் படித்து வேலைக்குப் போனவர்கள் பல ஊர்களில், பல நாடுகளில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை, ஒருநாள் சம்பளத்தைப் படித்த கல்லூரிக்கென்று எடுத்து வைக்கட்டும்.

பணம் இல்லாதவர்கள் நேரம் கொடுக்கலாம். பங்குனியில் கம்பன் விழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். செப்டம்பர் 26-ந் தேதி மத்திய ஆராய்ச்சிக் குழுவின் நிறுவன நாள். அதையொட்டி ஆராய்ச்சி நிலையங்களைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்க அனுமதிப்பது வழக்கம். பாட்டரி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சிறுமி அங்கே கேட்கட்டும். கேட்கிற சிறுமி நாளை அங்கேயே விஞ்ஞானியாக வரலாம்.

காரைக்குடிக்கு மட்டும் சொல்லும் செய்தி அல்ல இது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. ஒரு வாசக சாலை இருக்கிறது. என்றோ ஒருவர் நிலம் கொடுத்திருப்பார். அவர் பெயர் வாசல் கல்லில் மங்கலாகத் தெரியும்.

அந்தக் கல்லைக் கடந்து போகும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள்.

விளக்கு ஏற்றியவர் போய்விட்டார். எண்ணெய்க் கிண்ணம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.